அக்வேரியம் மீன்களைப் படமெடுத்துப் பெயர் அறிய: போனா, கேமராவா? பெயர்ப்பலகையா, ஆப்பா?

அக்வேரியம் போய்வந்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். "போன் போதுமா, நல்ல கேமரா வாங்கணுமா?" என்பது ஒன்று. "படம் எடுத்துட்டேன், இது என்ன மீன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூகுள் லென்ஸ் சொல்றதை நம்பலாமா?" என்பது இன்னொன்று. தனித்தனியாகக் கேட்டாலும் ஒன்றின் பதில் மற்றதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. சுவரில் மாட்ட எடுக்கும் படம் வேறு, பெயர் தெரிந்துகொள்ள எடுக்கும் படம் வேறு. நீல ஒளியில் நம்மை நோக்கி நேராக வரும் சுறா பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது, வால் எவ்வளவு நீளம் என்று அந்தப் படத்தில் எதுவும் தெரியாது. மீன்களை நன்கு அறிந்தவரிடம் காட்டினாலும் தயங்குவார்.

திருக்கையும் அப்படித்தான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேலேறும்போது அதன் அடிப்பக்கம் சிரிக்கும் முகம் போலத் தெரிய, எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். கண்கள் போலத் தெரிபவை நாசித் துளைகள். உண்மையான கண்கள், முதுகின் புள்ளிகள், வாலின் நீளம் என்று இனத்தைச் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கின்றன.

இங்கே நான் பேசுவது பெயர் அறிய ஆசைப்படுகிறவர்களுக்காக. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. மரைன் கிங்டம், கோலாலம்பூர் அக்வேரியா, சிங்கப்பூர் ஓசனேரியம், துபாய் அக்வேரியம் என்று நம்மவர்கள் போகும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் எந்த மாதிரிப் படம் வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். மீன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மூக்கு முதல் வால் நுனி வரை படத்துக்குள் வர வேண்டும். துடுப்புகள் விரிந்திருந்தால் இன்னும் நல்லது. வாய் மேல்நோக்கி இருக்கிறதா, நேராகவா, கீழ்நோக்கியா? வால் பிளந்ததா, வட்டமா? பட்டைகள் குறுக்கே போகின்றனவா, நெடுக்கவா? அவற்றில் ஒன்று கண்ணின் மேல் ஓடுகிறதா? இவ்வளவும் தெரிந்தால், அழகே இல்லாத படம்கூட நமக்கு நல்ல படம்தான்.

இதை வைத்துத்தான் கருவிகளை எடை போடுகிறேன்: மங்கலான வெளிச்சத்தில் எப்படி எடுக்கிறது, ஓடும் மீனை நிறுத்திப் பிடிக்கிறதா, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனில் ஃபோகஸ் ஆகிறதா, மீனின் முழு உடலும் தெளிவாக வருகிறதா, கூட்டத்தில் குழந்தையையும் கையில் பிடித்துக்கொண்டு சமாளிக்க முடியுமா, வாங்கிய பிறகு இன்னும் என்னென்ன செலவு வைக்கும்.

பெயர் அறியும் வழிகளுக்கு அளவுகோல் வேறு. இந்த மீன் வேறு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது என்பதை அந்த வழி கணக்கில் எடுத்துக்கொள்கிறதா? குடும்பம் வரை மட்டும் கொண்டுபோய் விடுகிறதா, இனம் வரை வருகிறதா? தவறாகச் சொன்னால் அது தவறு என்று நமக்குத் தெரியவருமா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

## எந்தக் கருவியானாலும் முன்னால் நிற்பது அக்ரிலிக்

பெரிய தொட்டிகளில் நாம் கண்ணாடி என்று சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. துபாய் அக்வேரியத்தின் முகப்புத் தகடு 75 செ.மீ. கனம், பின்னால் 1 கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு கனமான தகட்டைச் சாய்வாகப் பார்த்தால் ஒளி வளைந்து நிறங்கள் பிரியும். வெள்ளைப் பட்டையின் ஒரு ஓரத்தில் நீலமும் மறு ஓரத்தில் செம்மஞ்சளும் கசியும், செதில்கள் குழம்பும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. தகட்டுக்கு நேர் எதிரே நின்று, லென்ஸைச் சாய்க்காமல் எடுப்பது ஒன்றே வழி. மீன் பக்கவாட்டில் விலகிப் போனால் கேமராவைத் திருப்பாமல் நீங்கள் நகர்ந்து போங்கள். இல்லையென்றால் காத்திருங்கள். பல மீன்கள் ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வருபவை, மறுபடி வரும்.

சுரங்கப் பாதையில் நடக்கும் அனுபவம் தனி. ஆனால் வளைந்த அக்ரிலிக் உடலின் அளவுவிகிதத்தையே மாற்றிவிடும். நீளமான மீனா, உயரமான மீனா என்பது பெயர் காண முக்கியமான குறிப்பு என்பதால், அடையாளப் படத்தைத் தட்டையான சாளரத்தில் எடுங்கள். தட்டையான சாளரத்திலும் நீருக்குள் இருப்பது உள்ளதைவிட நான்கில் ஒரு பங்கு நெருங்கித் தெரியும். அதனால் "ரெண்டு அடி இருந்துச்சு" என்ற நினைவை வைத்துப் பெயரை முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், போலரைசர் ஃபில்டர். பிரதிபலிப்பைக் குறைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். சாய்வாக எடுத்தால்தான் அது வேலை செய்யும். நாம் எடுப்பதோ நேராக. பலனில்லாமல் பாதிக்கு மேல் வெளிச்சத்தையும் தின்றுவிடும். போதாததற்கு, அக்ரிலிக்குள் இருக்கும் இறுக்கம் ஃபில்டர் வழியாக வானவில் வரிகளாகத் தெரியும். அந்தப் பணத்துக்கு ஒரு ரப்பர் லென்ஸ் ஹுட் வாங்கலாம். அதைத் தகட்டில் ஒட்ட வைத்தால் பிரதிபலிப்பு அடியோடு போகும். கருப்புச் சட்டையும், விரல் தடங்களைத் துடைக்க ஒரு மெல்லிய துணியும் போதும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான இடங்களில் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும், ஓடி ஒளிய வழியில்லாத உயிரின் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் அது. போனில் ஃபிளாஷ் "ஆட்டோ"வில் இருந்தால் உள்ளே நுழையும் முன்பே அணைத்துவிடுங்கள்.

## போன்

போனின் பெரிய பலம் அதன் சின்ன லென்ஸ். தகட்டில் அப்படியே ஒட்ட வைக்கலாம். பிரதிபலிப்பு வர இடமே இருக்காது. சின்ன சென்சார் என்பதால் மூக்கும் வாலும் ஒரே படத்தில் தெளிவாக வரும். அடையாளம் காண இது எவ்வளவு பெரிய வசதி என்பது கேமராவோடு ஒப்பிடும்போதுதான் புரியும்.

போனின் குறைகள் பெரும்பாலும் அது தானாக எடுக்கும் முடிவுகளில் இருக்கின்றன. வெளிச்சம் குறைந்ததும் நைட் மோடுக்குத் தாவி, பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும். அதற்குள் மீன் நகர்ந்திருக்கும், துடுப்பு புகையாகிவிடும். நைட் மோடை அணையுங்கள். ஜூம் செய்தால் பல போன்கள் வெறுமனே படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். பிறகு மென்பொருள் செதில்களை மெழுகி, இல்லாத கூர்மையை வரைந்து வைக்கும். புள்ளிகளும் நெளிகோடுகளும் கலந்த கலவா மீனில் இதனால் உண்மையான வடிவமே தொலைந்துபோகும். ஜூம் செய்யாமல் நெருங்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடும். புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/100 வினாடியில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பலர் யோசிக்காத ஒரு வழி வீடியோ. 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டகமும் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். மீன் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் முதுகுத் துடுப்பு விரியும். அதைப் புகைப்படத்தில் பிடிப்பது கடினம். வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நீந்தும் விதமும் பதிவாகும். கிளிமீன் வாலை அதிகம் அசைக்காமல் மார்புத் துடுப்பால் துடுப்புப் போட்டுப் போகும். பாரை (டிரெவல்லி) மீன் வாலால் உந்திப் போகும். குடும்பத்தைக் கண்டுகொள்ள இது பெரிய உதவி. நன்கு ஒளியூட்டிய தொட்டிகளில் எனக்குப் பிடித்த முறை இதுதான். இருட்டான தொட்டியில் வீடியோ சட்டகங்கள் குழம்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனுக்கும் செலவு உண்டு. 4கே வீடியோ சில நிமிடங்களிலேயே ஜிபி கணக்கில் இடத்தை விழுங்கும், பேட்டரியும் வேகமாக இறங்கும். போகும் முன் இடத்தைக் காலி செய்துகொள்ளுங்கள், பவர்பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர், வருடத்தில் ஓரிரு தடவை போகிறவர், பெயர் தெரிந்தால் போதும் என்பவர் ஆகியோருக்குப் போன் போதும். இவர்களுக்கு வேறு கருவி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

## லென்ஸ் மாற்றும் கேமரா

இருட்டில் கேமராதான் ராஜா. ஜெல்லி மீன் அறை, ஆழ்கடல் பகுதி, பெரிய தொட்டியின் பின்புறத்தில் வேகமாகச் சுற்றும் பாரை மீன் கூட்டம் ஆகியவற்றில் போன் தோற்கும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளி உணரும் அளவை, 3200, 6400 என்று ஏற்றினாலும் கேமரா படத்தில் ஒவ்வொரு செதிலும் தெரியும். மெதுவாக நீந்தும் மீனுக்கு 1/125, வேகமானதற்கு 1/250 முதல் 1/500 வரை ஷட்டரை நாமே தீர்மானிக்கலாம். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுத்தால் நீலப் பூச்சைப் பிற்பாடு ஓரளவு நீக்கலாம். முழுக்க நீல விளக்கில் இருக்கும் பவளத் தொட்டியில் மட்டும் எதுவும் நடக்காது. அங்கே சிவப்பு ஒளியே இல்லை, இல்லாத நிறத்தை மீட்க முடியாது.

இப்போது பெட்டிக்கு வெளியே இருக்கும் செலவுகள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 3.5 முதல் 5.6 வரை திறப்பது (எஃப் எண் சிறிதானால் திறப்பு அகலம், உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம்). அதை மாட்டிக்கொண்டு மங்கலான அக்வேரியத்துக்குள் போனால் புதிய போனைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது. எஃப் 1.8 திறப்புள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 50 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு ஃபோகஸ் ஆகக் குறைந்தது 35 முதல் 45 செ.மீ. தூரம் வேண்டும். லென்ஸைத் தகட்டில் ஒட்ட வைத்திருக்கும்போது கடல் குதிரை ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றால் ஃபோகஸ் ஆகாது. பின்னால் தள்ளி நின்றால் பிரதிபலிப்பு வந்துவிடும். சின்னத் தொட்டிகளுக்கு, மிக அருகிலும் ஃபோகஸ் ஆகும் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் தேவைப்படுவது இதனால்தான். அது பல கேமராக்களின் விலையில் பாதியைத் தாண்டும்.

இன்னொன்று: எஃப் 1.8இல் எடுத்தால் கண் கூர்மையாக இருக்கும், வால் கரைந்துவிடும். அழகுப் படத்துக்கு அது சரி, அடையாளத்துக்கு உதவாது. எஃப் 4க்காவது மூட வேண்டும், அப்போது ஐ.எஸ்.ஓ.வை இன்னும் ஏற்ற வேண்டும். ஆக, விலை கொடுத்து வாங்கிய அகலத் திறப்பில் பாதியை அடையாளப் படத்துக்குப் பயன்படுத்தவே முடியாது.

கூடவே பை, எடை, கூட்டத்தில் இடித்துக்கொள்ளும் லென்ஸ். பல இடங்களில் டிரைபாடை உள்ளே விடமாட்டார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தபின் நூற்றுக்கணக்கான ரா கோப்புகளை உட்கார்ந்து திருத்த வேண்டும். அது பிடித்திருந்தால் இன்பம், பிடிக்காவிட்டால் படங்கள் அட்டையிலேயே கிடக்கும்.

ஏற்கனவே கேமரா வைத்திருப்பவர், அடிக்கடி போகிறவர், துடுப்பு முள்ளை எண்ண வேண்டிய அளவுக்கு ஆழமாக இறங்குகிறவர் ஆகியோருக்கு இது நியாயமான தேர்வு. அக்வேரியத்துக்காக மட்டும் புதிதாக வாங்க நினைப்பவர், இரண்டு மூன்று தடவை போனிலேயே எடுத்துப் பார்த்து, எங்கே முட்டுகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு வாங்கட்டும்.

மேக்ரோ வசதியுள்ள சின்ன காம்பாக்ட் கேமராக்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. இறால், நட்சத்திர மீன், கடல் குதிரை போல நகராத சின்ன உயிர்களை நன்றாக எடுக்கும்; பெரிய தொட்டியில் திணறும். கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். இதற்கென்று வாங்கத் தேவையில்லை.

| எதைப் பார்க்கிறோம் | போன் படம் | போன் 4கே வீடியோ | கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் | கேமராவும் மேக்ரோவும் |
|---|---|---|---|---|
| இருட்டான தொட்டி | சுமார் | பலவீனம் | மிக நன்று | நன்று |
| வேகமான மீன் | சுமார் | வெளிச்சம் இருந்தால் நன்று | மிக நன்று | சுமார் |
| ஒரு சாண் தூரத்து உயிர் | நன்று | நன்று | ஃபோகஸ் ஆகாது | மிக நன்று |
| மூக்கு முதல் வால் வரை தெளிவு | மிக நன்று | நன்று | திறப்பை மூடினால் நன்று | திறப்பை மூடினால் நன்று |
| பிரதிபலிப்பைத் தவிர்ப்பது | எளிது | எளிது | ரப்பர் ஹுட் வேண்டும் | ரப்பர் ஹுட் வேண்டும் |
| வாங்கிய பின் செலவு | பவர்பேங்க் | சேமிப்பிடம் | லென்ஸ், பை, திருத்தும் நேரம் | அதோடு விலையுயர்ந்த லென்ஸ் |

## பெயர் கண்டுபிடிக்க: அக்வேரியத்துக்கே உரிய சிக்கல்

கடலில் முக்குளித்தோ கரைவலையிலோ ஒரு மீனைப் பார்த்தால், பாதி விடையை இடமே சொல்லிவிடும். மன்னார் வளைகுடாவில் பார்த்த மீன் என்றால் ஆஸ்திரேலியாவில் மட்டும் வாழும் இனங்களை யோசிக்கவே வேண்டாம். அக்வேரியத்தில் அந்தப் பிடி கிடையாது. அமேசான் ஆற்று மீன்களும் மெக்காங் ஆற்று மீன்களும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருக்கும். பண்ணையில் வளர்த்த கலப்பினங்களும், தேர்ந்தெடுத்து உருவாக்கிய நிற வகைகளும் சேர்ந்து இருக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியும் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

### தொட்டியின் பெயர்ப்பலகை

முதல் படம் பலகையினுடையதாக இருக்கட்டும். இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். பல ஆயிரம் இனங்களில் தேடுவதை அது பத்துப் பதினைந்தாகச் சுருக்கிவிடும். எந்தத் தொட்டி, எந்த நாட்டு நீர் என்பதும் அதில் தெரியும். கடலில் இடம் தந்த பிடியை இங்கே பலகை தருகிறது.

குறைகளும் உண்டு. தொட்டியில் இருக்கும் எல்லா இனங்களும் பலகையில் இருக்காது. மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகும் பலகை அங்கேயே இருக்கலாம். மின்திரைப் பலகைகளில் பெயர்கள் மாறி மாறி வரும் என்பதால் ஒரு முழுச் சுற்று நின்று வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட, வணிகப் பெயர்கள் குழப்பும். தாய்லாந்துப் பக்கம் முக்குளிப்பவர்கள் "லெப்பர்ட் ஷார்க்" என்று சொல்வது வரிக்குதிரைச் சுறாவை, அறிவியல் பெயரில் ஸ்டெகோஸ்டோமா டைக்ரினம். கலிபோர்னியாக் கரையில் அதே "லெப்பர்ட் ஷார்க்" என்ற பெயர் ட்ரையாகிஸ் செமிஃபேசியாட்டா என்ற வேறொரு சுறாவுக்கு. வரிக்குதிரைச் சுறாவே குட்டியில் கருமையான உடலில் வெளிர் வரிகளோடு இருந்து, வளர்ந்ததும் மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு மாறிவிடும். அதனால் வரியையும் புள்ளியையும் விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். உடலில் கிட்டத்தட்டப் பாதி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஓடும் வால் அது. "ஷார்க்" என்று வரும் எல்லாம் சுறாவும் அல்ல. "இரிடசன்ட் ஷார்க்" என்பது பங்கேசியஸ், ஒரு கெளுத்தி வகை.

### கூகுள் லென்ஸ்

நொடியில் பதில் வரும். நம் படத்தைப் போன்ற படங்களை இணையத்தில் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். வளர்ப்பு மீன் கடைப் படங்கள் இணையத்தில் குவிந்து கிடப்பதால், கடை மீன்களுக்கு லென்ஸ் நன்றாகவே பதில் சொல்லும். ஃபிளவர்ஹார்ன், பிளட் பேரட் போன்றவை மனிதர் உருவாக்கிய கலப்பினங்கள். மீன் நூல்களில் தேடினால் தனி இனமாகக் கிடைக்காது. லென்ஸ் உடனே சொல்லிவிடும். ஸ்னோஃப்ளேக் போன்ற கோமாளி மீன் நிற வகைகளும் அப்படித்தான்.

ஆனால் நெருங்கிய இனங்களில் அது காலை வாரும். சிவப்பு வயிற்றுப் பிரானாவையும், நம் பண்ணைகளில் ரூப்சந்த் என்று வளர்க்கும் பாக்குவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இளம் பாக்குவின் சிவந்த வயிறும் தட்டை உடலும் பிரானாவேதான். வித்தியாசம் முகத்தில் இருக்கிறது. பிரானாவின் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே துருத்தும், முகம் மழுங்கித் தெரியும். பாக்குவுக்கு அந்தத் துருத்தல் இல்லை. வாயைத் திறந்தால் மனிதக் கடைவாய்ப் பற்கள் போன்ற தட்டைப் பற்கள் தெரியும். லென்ஸ் இந்தத் தாடையைப் பார்த்துத்தான் சொன்னதா, வயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சொன்னதா என்று நமக்குத் தெரியாது. தவறு வெளியே தெரியாமல் போவதுதான் இதன் ஆபத்து. அதனால் லென்ஸ் சொல்வதைத் தேடலைத் தொடங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

### ஐநேச்சுரலிஸ்ட், சீக்

ஐநேச்சுரலிஸ்ட் உயிரினங்களைப் பதிவு செய்யும் இணையதளம், ஆப். அதில் படத்தை ஏற்றினால் கணினியும் பரிந்துரைக்கும், மனிதர்களும் வந்து திருத்துவார்கள். உறுதி தெரியாதபோது "இந்தப் பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதி) இருக்கலாம்" என்று மேல்மட்டத்தில் நிறுத்திச் சொல்லும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அது காட்டுயிர்களுக்காக அமைந்த தளம். பரிந்துரைக்கும்போது இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சென்னையிலிருந்து அமேசான் மீனை ஏற்றினால், அருகில் எதிர்பார்க்கப்படும் இனங்களையே முதலில் நீட்டும். அருகில் எதிர்பார்க்காத இனங்களையும் காட்டச் சொல்லும் தெரிவை அழுத்தினால்தான் சரியான பெயர் பட்டியலுக்குள் வரும். இதைத் தெரியாமல் "ஆப் தப்பு" என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய.

இதில் ஒரு கடமையும் உண்டு. அக்வேரியத்தில் எடுத்த படத்தை ஏற்றினால் "வளர்ப்பில் இருப்பது" என்று கண்டிப்பாகக் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெற்று, உலகப் பரவல் தரவுகளுக்குள் நுழைந்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமேசான் ஆற்று மீனான அரபைமா வாழ்கிறது என்று ஒரு புள்ளி வரைபடத்தில் ஏறினால், அதை நம்பி வேலை செய்யும் ஆய்வாளருக்கு நாம் செய்யும் அநியாயம் அது. சரி, குறித்தால்? பதிவு "சாதாரண" வகைக்குப் போய்விடும். பெயர் தேவைப்படும் பதிவுகளின் வழக்கமான பட்டியலில் வராது என்பதால், திருத்திச் சொல்ல வருபவர்களும் குறைவு. இந்த வழியின் உண்மையான விலை இதுதான்.

குழந்தைகளோடு போனால் ஐநேச்சுரலிஸ்டின் எளிய ஆப்பான சீக் நல்லது. கணக்குத் தொடங்க வேண்டாம், படத்தை ஏற்ற வேண்டாம்; கேமராவைக் காட்டினால் குடும்பம், பேரினம் என்று படிப்படியாக இறங்கி வரும். குடும்பத்தோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை. வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம் என்று தெரிந்தாலே குழந்தை அடுத்த தொட்டியில் இன்னொன்றைத் தானே கண்டுபிடிக்கும்.

### ஃபிஷ்பேஸ்

மற்ற வழிகள் பெயரைக் கொடுக்கும். மீன்களுக்கான இணையத் தரவுத்தளமான ஃபிஷ்பேஸ் அந்தப் பெயர் சரியா என்று சோதிக்க உதவும். 35,000க்கும் மேற்பட்ட மீனினங்கள் இதில் உண்டு. துடுப்பு முள் எண்ணிக்கை, வாழிடம், எந்த நாட்டில் உண்டு, குட்டிக்கும் வளர்ந்ததற்கும் படங்கள் என்று பல இனங்களுக்கு எல்லாம் கிடைக்கும். பழைய அறிவியல் பெயரைத் தட்டினாலும் இன்றைய பெயருக்குக் கொண்டுபோகும். இதுவும் முக்கியம்: புள்ளிக் கழுகுத் திருக்கையை எல்லாக் கடல்களிலும் ஏட்டோபாட்டஸ் நாரினாரி என்றே முன்பு எழுதினார்கள். இப்போது அந்தப் பெயர் அட்லாண்டிக்குக்கு. இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு, மத்திய பசிபிக்கிலும் இருப்பது ஏட்டோபாட்டஸ் ஒசெல்லாட்டஸ். பழைய பலகைகளும் இணையப் படங்களும் இன்னும் முதல் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

குறை, ஒன்றுமே தெரியாமல் உள்ளே போனால் திக்குமுக்காட வேண்டியதுதான். குடும்பமாவது தெரிந்திருக்க வேண்டும். மீன் அல்லாதவற்றுக்கு சீலைஃப்பேஸ் என்ற சகோதரத் தளத்துக்குப் போக வேண்டும். நம் கடல் மீன்கள் என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மண்டபத்தில் உள்ள அவர்களது காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஃபிஷ்பேஸைவிட அவை நெருக்கமாக இருக்கும்.

### அங்கே வேலை செய்பவர்கள்

தீனி போடும் நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள். எந்தத் தொட்டியில் எந்த மீன், எப்போது வந்தது, எந்த வகை என்று அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போனால் பேசவும் நேரம் கிடைக்கும், தகடும் விரல் தடமில்லாமல் இருக்கும்.

## சேர்த்து வைத்தால்

ஒரே வழியை நம்பச் சொல்லி யாரிடமும் சொல்லமாட்டேன். ஒரு நாள் உல்லாசமாகப் போகிறவருக்கு: போன், பலகைப் படம், கூகுள் லென்ஸ். பலகையும் கூகுள் லென்ஸும் ஒரே பெயரைச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளலாம். பட்டியல் போட்டுச் சேகரிக்கும் ஆர்வலருக்கு: போன் வீடியோ, பலகை, ஐநேச்சுரலிஸ்டின் பரிந்துரை, பிறகு ஃபிஷ்பேஸில் சரிபார்ப்பு. சிங்கப்பூர் ரிவர் வொண்டர்ஸில் அரபைமாவும் சிவப்புவால் கெளுத்தியும் நீந்தும் அமேசான் வெள்ளக்காட்டுத் தொட்டி போன்ற பெரிய, மங்கலான இடங்களை ஆசையாக எடுக்க விரும்புகிறவருக்குக் கேமரா.

கேமராவும் மேக்ரோவும் உண்மையிலேயே வேறு எதுவும் தராத ஒன்றைத் தரும் இடமும் உண்டு, கோமாளி மீன். ஆம்பிப்ரியான் ஒசெல்லாரிஸும் ஆம்பிப்ரியான் பெர்குலாவும் ஆரஞ்சு உடல், மூன்று வெள்ளைப் பட்டை என்று அச்சாக ஒன்று போலவே இருக்கும். பட்டையின் ஓரக் கருப்பு பெர்குலாவில் பெரும்பாலும் தடிமன், ஆனால் எப்போதும் அல்ல. உறுதியாகச் சொல்ல முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும்: ஒசெல்லாரிஸுக்கு வழக்கமாக 11, பெர்குலாவுக்கு 10. விரல் நீள மீன் அது. துடுப்பு விரியும் கணத்தில், 1/250 வினாடியில், திறப்பை மூடி எடுத்த படத்தில்தான் அந்த முட்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். போன் படத்தில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு கருப்பு விளிம்பாக மட்டுமே வரும். வாழும் இடங்கள் வேறு என்பதால் கடலில் இந்தக் குழப்பம் குறைவு; அந்தமானில் பார்த்தால் ஒசெல்லாரிஸ். அக்வேரியத்தில்தான் முள்ளை எண்ண வேண்டியிருக்கிறது.

சில உயிர்களில் எந்தக் கருவியும் எந்த ஆப்பும் உதவாது. பேரரசத் தேவதை மீனின் குட்டி கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும், வளர்ந்ததோ மஞ்சள் கோடுகளோடு இருக்கும். அது கற்றுக்கொண்டால் தீரும் குழப்பம். ஆனால் நிலா ஜெல்லி மீன் அப்படியல்ல. ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தவை பல இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்வைக்கு அவற்றில் பல ஒன்றேபோல் இருக்கின்றன. எவ்வளவு கூர்மையான படமும் அவற்றைப் பிரிக்காது. பலகையில் இனப்பெயர் இருந்தால் அதைப் பலகையின் கூற்றாகவே குறித்துக்கொண்டு, உங்கள் பட்டியலில் "ஆரேலியா" என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அது ஊகம்தான்.